கூட்டம் சேரும் கணக்கு

தெற்கு தில்லியின் மாளவியா நகரில் சாலையோரமாக ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பெயர் 'பாபா கா தாபா'. வயதான கணவனும் மனைவியும் காலையிலேயே சமைக்கத் தொடங்குவார்கள். ரொட்டி, சோறு, பருப்பு, மட்டர் பனீர் என்று அன்றைக்குச் சமைத்தது அன்றைக்கே விற்றுத் தீர வேண்டும். 2020-இல் கொரோனா வந்தது. சாப்பிட வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அந்த அக்டோபர் முதல் வாரத்தில், உணவு வீடியோ எடுக்கும் யூடியூபர் ஒருவர் அங்கே போய் வியாபாரம் எப்படி என்று விசாரித்தார். பெரியவர் பதில் சொல்ல மாட்டாமல் அழுதுவிட்டார். அந்த வீடியோவை அக்டோபர் 7 அன்று ஒருவர் ட்விட்டரில் பகிர்ந்து, தில்லிக்காரர்கள் முடிந்தால் அங்கே போய்ச் சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் கடைவாசலில் வரிசை நின்றது. ஹிந்தித் திரை நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் வீடியோவைப் பகிர்ந்தார்கள். ஸொமாட்டோ கடையைத் தன் பட்டியலில் சேர்த்தது. முந்தைய நாள் வரை அடுத்த தெருவுக்கே தெரியாத கடையை ஒரே இரவில் நாடே தெரிந்துகொண்டது.

அந்த ஆண்டு தில்லியில் ஆள் வராத கடை அது ஒன்று மட்டுமில்லை. மனதைத் தொட்ட வீடியோவும் அது ஒன்று மட்டுமில்லை. பிறகு ஏன் அது மட்டும்? சமூக ஊடகத்தில் ஒரு பக்கத்தைத் தொடங்கிவிட்டு, நாலு லைக்கும் ஒரு ஷேருமாக நாட்களைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. 'பத்தே நாளில் பத்தாயிரம் ஃபாலோயர்' என்று வழி சொல்லித்தருவதாக ஒரு சந்தையே நடக்கிறது. அந்தச் சந்தையின் இரைச்சலுக்கு அப்பால், கணித அறிஞர்களும் சமூகவியலாளர்களும் கணினி விஞ்ஞானிகளும் இதே கேள்வியைப் பொறுமையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது ஒரு பக்கம் வியப்பையும் இன்னொரு பக்கம் ஆறுதலையும் தருகிறது. சுருக்கமாகச் சொன்னால், கூட்டம் வருவதற்கு ஒரு கணக்கு. வந்த கூட்டம் தங்குவதற்கு வேறொரு கணக்கு.

ஒன்று என்னும் எல்லைக்கோடு

முதல் கணக்கின் வேர் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. பெரிய குடும்பங்களின் குடும்பப்பெயர்கள் காலப்போக்கில் ஏன் மறைந்துபோகின்றன என்பதை பிரான்சிஸ் கால்டன் 1873-இல் ஒரு கணிதக் கேள்வியாக முன்வைத்தார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்குக் கணக்குப் போட்டார். 1874-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். ஒரு தந்தைக்குச் சராசரியாக எத்தனை மகன்கள், அந்த மகன்கள் ஒவ்வொருவருக்கும் எத்தனை மகன்கள் என்று கிளை கிளையாகப் பிரிந்து போகும் கணக்கு அது. பின்னால் வந்த அறிஞர்கள் அதை முழுமையாக்கினார்கள். இன்று அணுக்கருப் பிளவையும் தொற்றுநோயையும் விளக்குவது இதே கணக்குதான். கொரோனா காலத்தில் செய்தித்தாள்களில் தினமும் படித்த 'ஆர்' எண்ணும் இதே வகைச் சராசரிதான். வீடியோ பரவுவதற்கும் இது அப்படியே பொருந்துகிறது.

ஒரு பதிவை 100 பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் சிலர் பகிர்வதால் புதிதாக 90 பேர் பார்க்கிறார்கள். அந்த 90 பேரால் 81 பேர். இப்படியே போனால் மொத்தம் 1,000 பேரோடு பதிவு அடங்கிவிடும். 100 பேர் 99 பேரைக் கூட்டிவந்தால் மொத்தம் 10,000. ஆனால் 100 பேர் 110 பேரைக் கூட்டிவந்தால்? ஐம்பதாவது சுற்றில், அந்தச் சுற்றில் மட்டும் ஏறத்தாழ 11,700 பேர் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். பத்துப் பேர் ஒன்பது பேரைக் கூட்டிவருவதற்கும் பதினோரு பேரைக் கூட்டிவருவதற்கும் கண்ணுக்குப் புலப்படும் வித்தியாசம் ஏதும் இல்லை. பதிவை எழுதியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் அணைவு, அந்தப் பக்கம் பெருவெள்ளம். எந்த வீடியோ வைரலாகும் என்று முன்கூட்டியே சொல்வது ஏன் அவ்வளவு கடினம் என்பதற்கு இந்தக் கோடு முதல் காரணம்.

இந்தக் கணக்குக்குள் இன்னொரு அதிசயமும் இருக்கிறது. கோட்டைத் தாண்டிய பதிவும் பிழைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒவ்வொருவரும் சராசரியாக 1.1 பேரைக் கூட்டிவருகிறார்கள், ஆனால் யார் எத்தனை பேரைக் கூட்டிவருவார் என்பது தற்செயல் என்று எடுத்துக்கொண்டால், ஒரே ஒருவரிடமிருந்து தொடங்கும் பதிவு நூற்றுக்கு 82 முறை தொடக்கத்திலேயே செத்துவிடும். சராசரி சரியாக இருந்தும், முதல் சில படிகளில் யாரும் பகிராமல் போய்விட்டால் கதை முடிந்தது. அதே பதிவு பத்துப் பேரிடமிருந்து தொடங்கினால் அழியும் வாய்ப்பு நூற்றுக்கு 14 ஆகக் குறைகிறது. நூறு பேரிடமிருந்து தொடங்கினால் அழியும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லவே இல்லை. சின்னப் பக்கம் நடத்துகிறவர் இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் இவை மறுபடி தேவைப்படும்.

முப்பது பேர் செய்த வேலை

பரவல் என்றதும், ஒருவர் நால்வருக்குச் சொல்ல, அந்த நால்வர் பதினாறு பேருக்குச் சொல்ல என்று சீராக விரியும் படம்தான் நம் மனதில் வருகிறது. உண்மையில் அப்படி நடப்பது அரிது. இதற்கு நல்ல சான்று தில்லியிலேயே, ஓக்லாவில் உள்ள இந்திரப்பிரஸ்தா தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில், பொன்னுரங்கம் குமரகுருவின் ஆய்வுக்குழுவிலிருந்து கிடைத்தது.

2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, தெருவெள்ளத்தில் சுறா நீந்துவதுபோன்ற போலிப் படங்கள் ட்விட்டரில் சுற்றின. அந்தப் படங்களைச் சுமந்த 10,350 ட்வீட்களை அதிதி குப்தா, குமரகுரு ஆகியோர் அடங்கிய குழு திரட்டி ஆராய்ந்தது. அவற்றில் 86 விழுக்காடு சொந்தப் பதிவுகள் இல்லை, மறுபகிர்வுகள். பகிர்ந்தவர்கள் 10,215 பேர். ஆனால் நடந்த மறுபகிர்வுகளில் 90 விழுக்காட்டுக்குக் காரணமானவர்கள் வெறும் 30 பேர். ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட முழுதாகத் தேறாது.

அதைவிட வியப்பானது அடுத்த முடிவு. ஒருவர் யாரிடமிருந்து பகிர்ந்தார் என்பதையும் யாரைப் பின்தொடர்கிறார் என்பதையும் ஒப்பிட்டபோது, இரண்டும் ஒத்துப்போனது 11 விழுக்காட்டில்தான். நெருக்கடி நேரத்தில் மக்கள் தங்கள் வழக்கமான வட்டத்தைத் தாண்டி, தேடலிலும் டிரெண்டிங் பட்டியலிலும் கண்ணில் பட்டதை எடுத்துப் பகிர்கிறார்கள். ஃபாலோயர் எண்ணிக்கை என்பது குழாய் போட்டு வைத்த பாசனம் என்று நாம் நினைக்கிறோம். பெரிய வெள்ளம் வரும் நாளில் தண்ணீர் அந்தக் குழாய்கள் வழியாக வருவதில்லை.

ஷரத் கோயல், டங்கன் வாட்ஸ் முதலியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ட்விட்டரில் ஏறத்தாழ நூறு கோடிப் பரவல்களை அலசியது. மிகப் பெரும்பாலான பதிவுகள் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பெரிதாகப் போனவற்றிலும் ஆளுக்கு ஆள் கைமாறிப் போனது ஒரு பங்கு. பெரும் செல்வாக்குள்ள ஒருவர் ஒரே வீச்சில் பல்லாயிரம் பேருக்குக் காட்டியது பெரும் பங்கு. மாளவியா நகர்க் கதையும் அப்படித்தான். ஒரு ட்வீட் நட்சத்திரங்களின் கண்ணில் பட்டது. நட்சத்திரங்களிடமிருந்து தொலைக்காட்சிக்குப் போனது. தொலைக்காட்சி நாட்டுக்குக் காட்டியது. யார் கண்ணில் எந்த நேரத்தில் படும் என்பது எவர் கையிலும் இல்லை.

பாலியாவின் குடம்

சரி, நல்ல சரக்காக இருந்தால் என்றாவது ஒருநாள் மேலே வரத்தானே வேண்டும்? இந்த நம்பிக்கையைச் சோதிக்க ஹங்கேரியக் கணித மேதை ஜார்ஜ் பாலியாவின் பெயரால் ஓர் எளிய விளையாட்டு உண்டு. ஒரு குடத்தில் சிவப்புக் கோலிக்குண்டு ஒன்று, நீலம் ஒன்று. கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட்டு, அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் போடுங்கள். இதையே ஆயிரம் தடவை செய்யுங்கள். இரண்டு நிறமும் சமமாகத் தொடங்கின, விதியும் நியாயமானது, எனவே கடைசியில் பாதிக்குப் பாதி இருக்கும் என்று தோன்றும். இருக்காது. சிவப்பு நூற்றுக்கு ஐந்தாகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம், தொண்ணூறாகவும் இருக்கலாம். எல்லா விகிதமும் சம வாய்ப்புள்ளவை. முதல் பத்துப் பதினைந்து எடுப்புகளில் எது முந்துகிறதோ அதுவே பெரும்பாலும் கடைசிவரை முந்தியிருக்கிறது. சிவப்பு வென்றதைப் பார்த்து, சிவப்பில் ஏதோ சிறப்பு இருக்கிறது என்று யாராவது கட்டுரை எழுதினால் அது பொய்யாகத்தான் இருக்கும்.

இருப்பவருக்கே மேலும் சேரும் என்ற இந்த விதியை ஹெர்பர்ட் சைமன் 1955-இல் பொதுவான கணக்காக வகுத்தார். ஆல்பர்ட் பராபாசியும் ரேகா ஆல்பர்ட்டும் 1999-இல் அதை இணையம் போன்ற வலைப்பின்னல்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே அதிக இணைப்புள்ளவரிடம் சேர விரும்பினால், கோடிக்கணக்கான பக்கங்களில் ஒரு சில மட்டும் மலையாக எழும். மற்றவை புல்தரையாக நிற்கும். எல்லோரும் ஓரளவு வளர்வார்கள் என்ற சராசரிக் கனவு அங்கே செல்லாது.

இதை மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்த ஆய்வும் உண்டு. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். 14,341 பேர் கேட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வெறும் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு உலகத்திலும் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். ஒரே பாட்டுகள், ஒரே மாதிரி மனிதர்கள். எட்டு உலகங்களிலும் வெற்றிப் பட்டியல் வேறு வேறாக அமைந்தது. எண்ணிக்கை காட்டப்படாதவர்கள் 26-ஆம் இடம் கொடுத்த பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம் பெற்றது; இன்னொன்றில் 40-ஆம் இடத்துக்குப் போனது. மிக நல்ல பாட்டு தோற்றது அரிது, மிக மோசமானது வென்றதும் அரிது. இடைப்பட்ட எல்லாவற்றுக்கும் எதுவும் நடந்தது. 2006-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த இந்த முடிவைப் படித்தபின், பெரிய பக்கங்களை அண்ணாந்து பார்க்கும் பார்வை எனக்கு மாறிவிட்டது. தரம் ஒரு வாசலைத் திறக்கிறது. அந்த வாசலுக்குள் போனபின் யார் மலையாவது என்பதைப் பெரும்பாலும் முதல் சில தற்செயல்கள் தீர்மானிக்கின்றன.

அந்தத் தற்செயல் எவ்வளவு சின்னதாக இருக்கலாம்? லெவ் முச்னிக், சினான் அரால், ஷான் டெய்லர் ஆகியோர் 2013-இல் இதை அளந்தார்கள். ஒரு செய்தித் தளத்தில் வாசகர்கள் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில், தற்செயலாகத் தேர்ந்த சிலவற்றுக்குத் தொடக்கத்திலேயே ஒரே ஓர் ஆதரவு வாக்கைப் போட்டு விட்டார்கள். அந்த ஒற்றை வாக்கு அவற்றின் இறுதி மதிப்பெண்ணைச் சராசரியாக 25 விழுக்காடு உயர்த்தியது. முதல் லைக் வெறும் ஒரு லைக் இல்லை.

எந்திரம் வைக்கும் தேர்வு

கால்டன் காலத்தில் பரவல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனது. இன்று நடுவில் ஓர் எந்திரம் உட்கார்ந்திருக்கிறது. 2023 மார்ச்சில் ட்விட்டர் தன் பரிந்துரை முறையின் நிரலை வெளியிட்டபோது அதன் வேலைமுறை எல்லோருக்கும் தெரியவந்தது. கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து ஒருவருக்கு ஏற்ற ஏறத்தாழ 1,500 பதிவுகளை முதலில் பொறுக்கி, பிறகு அவற்றுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தியது. அந்தப் பொறுக்கலில் சராசரியாகப் பாதி, அவர் பின்தொடராதவர்களுடையவையாக இருந்தன. யூடியூப் 2012-லேயே பார்வை எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பார்த்த நேரத்தை முக்கியமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. தலைப்பைப் பார்த்து ஏமாந்து உள்ளே வந்தவர் பத்து விநாடியில் வெளியேறினால், அது இப்போது பாராட்டாகாது, புகாராகும்.

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸை இந்தியாவில் இறக்கியது. அந்த இன்ஸ்டாகிராம் 2024 ஏப்ரலில் ஒரு மாற்றத்தை அறிவித்தது. ஃபாலோயர் எத்தனை பேர் என்று பாராமல், தகுதியுள்ள ஒவ்வொரு ரீலையும் முதலில் அது பிடிக்கக்கூடும் என்று தோன்றும் ஒரு சின்னக் கூட்டத்துக்குக் காட்டும். அங்கே நன்றாகப் போனதை இன்னும் கொஞ்சம் பெரிய கூட்டத்துக்குக் காட்டும். அங்கேயும் தேறினால் அதைவிடப் பெரியதற்கு. படிப்படியான தேர்வு. கால்டனின் கிளைகள்தான் இதுவும். ஒவ்வொரு கிளையிலும் எந்திரம் நின்று, இதைத் தொடர விடலாமா என்று தீர்மானிக்கிறது. புதியவருக்கு இது நல்ல செய்தி. நான்கு ஃபாலோயர் வைத்திருப்பவருக்கும் ஒரு முதல் தேர்வு எழுதக் கிடைக்கிறது. ஆனால் தேர்வைத் திருத்துவது அந்தச் சின்னக் கூட்டத்தின் உண்மையான ஆர்வம்.

காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவது எவ்வளவு வீண் என்பது இங்கேதான் விளங்குகிறது. அனுபமா அகர்வாலும் குமரகுருவும் விலைக்கு வாங்கப்படும் ட்விட்டர் ஃபாலோயர்களை தில்லியிலிருந்து ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கணக்குகள் சீக்கிரமே பின்தொடர்வதை விட்டுவிடுகின்றன. யாரோடும் பெரிதாக உறவாடுவதும் இல்லை. அவற்றின் நடத்தையை வைத்து, இது விலைக்கு வந்த கணக்கு என்று 88 விழுக்காடு துல்லியமாகக் கணினியால் சொல்ல முடிந்தது. பதிவைப் பார்க்காத, தொடாத ஆயிரம் பேரைச் சேர்த்தால், கிளைக்கணக்கில் அவர்கள் கூட்டிவரும் எண்ணிக்கை பூஜ்யம். ஒன்று என்ற கோட்டை நோக்கி ஏறவேண்டிய சராசரியை அவர்கள் கீழே இழுக்கிறார்கள்.

ஆர்.கே.புரத்திலிருந்து மன்னார்குடிக்கு

1973-இல் மார்க் கிரானோவெட்டர் எழுதிய கட்டுரை சமூகவியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று. வேலை தேடுகிறவர்களுக்குப் பயனுள்ள தகவல் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கும் தெரிந்தவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது என்று அவர் காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும். தூரத்துப் பழக்கம்தான் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் பாலம்.

தில்லித் தமிழர் நடத்தும் ஒரு பக்கத்தை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கம், அருகிலேயே மலை மந்திர் என்று வழங்கும் முருகன் கோயில். கரோல்பாக், மயூர் விஹார் என்று பரவிய குடும்பங்கள். இவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு கால் தலைநகரத்தில், ஒரு கால் சொந்த ஊரில். தில்லிக் குளிரில் தோசை மாவு எப்படிப் புளிக்கிறது என்ற பதிவு மயூர் விஹார் அம்மாவிடமிருந்து மன்னார்குடி அத்தைக்குப் போகிறது. அத்தையின் குடும்ப வாட்ஸாப் குழுவிலிருந்து சிங்கப்பூர் மருமகளுக்குப் போகிறது. ஒரே வட்டத்துக்குள் சுற்றும் பதிவு சீக்கிரமே ஏற்கெனவே பார்த்தவர்கள் மேல் முட்டி நிற்கும். இரண்டு உலகங்களுக்கு நடுவில் நிற்கிறவர் எழுதுவது புதிய கண்களைச் சந்தித்துக்கொண்டே போகும். எல்லோருக்கும் பிடிக்கவேண்டும் என்று எழுதும் பொதுவான பக்கங்களுக்கு இல்லாத வசதி இது.

எது பகிர வைக்கிறது

ஜோனா பெர்கரும் கேத்ரின் மில்க்மனும் நியூயார்க் டைம்ஸில் மூன்று மாதங்களில் வெளிவந்த ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை எடுத்து, வாசகர்கள் அதிகம் மின்னஞ்சலில் அனுப்பியவை எவை என்று பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். வியப்பு, கோபம், பதற்றம் போன்ற உடலைத் துள்ள வைக்கும் உணர்ச்சிகள் பகிர வைக்கின்றன. சோகம் மனிதரை அடங்கி உட்கார வைக்கிறது, பகிர்தல் குறைகிறது. மாளவியா நகர் வீடியோ சோகமானதுதான். அது பரவியதற்கு, போய்ச் சாப்பிடுங்கள் என்ற அந்த ஒரு வேண்டுகோள்தான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கண் கலங்கியவருக்கு எழுந்து செய்ய ஒரு காரியம் கிடைத்தது.

இந்த அறிவைத் தவறாகப் பயன்படுத்துவதும் எளிது. கோபத்தை ஊதினால் கூட்டம் வரும். பொய் சொன்னாலும் வரும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சொரூஷ் வொசூகி, டெப் ராய், சினான் அரால் மூவரும் ட்விட்டரில் 30 லட்சம் பேர் பகிர்ந்த 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் எழுதினார்கள். 1,500 பேரைச் சென்றடைய உண்மைச் செய்திக்குப் பொய்யைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை, பரப்பியது மனிதர்கள். புதுமை நம்மை ஈர்க்கிறது, பொய்க்குப் புதுமையாக இருப்பது சுலபம். லைக்குக்கு ஏங்குவது உயிரையும் கேட்கலாம். குமரகுருவின் குழு கார்னெகி மெலன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2016-இல் நடத்திய ஆய்வில், 2014 மார்ச் முதல் உலகெங்கும் செல்ஃபி எடுக்கும்போது நேர்ந்த 127 சாவுகள் கணக்கில் வந்தன. அவற்றில் 76 இந்தியாவில். பக்கம் நடத்தும் ஒவ்வொரு இளைஞரிடமும் பெற்றோரும் ஆசிரியரும் சொல்லவேண்டிய எண் இது.

வந்தவர் தங்குவது

ரைலி கிரேனும் டிடியே சார்னெட்டும் ஏறத்தாழ 50 லட்சம் யூடியூப் வீடியோக்களின் தினசரிப் பார்வைகளை வரைபடமாக்கி 2008-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. பெரும்பாலான வீடியோக்களுக்கு உச்சம் என்று ஒன்றே வருவதில்லை. உச்சம் வந்தவற்றில், ஏறிய விதத்தையும் இறங்கிய விதத்தையும் பார்த்தே அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். வாய்வழியாக மெல்ல மெல்ல வளர்ந்தது, உச்சத்துக்குப் பிறகும் மெல்லத்தான் இறங்குகிறது. வெளியிலிருந்து ஒரே நாளில் தள்ளிவிடப்பட்டது செங்குத்தாக ஏறும். அங்கே ஆர்வமுள்ள மனிதர்கள் ஏற்கெனவே பின்னிப் பிணைந்திருந்தால் நிதானமாக இறங்கும், இல்லாவிட்டால் ஏறிய வேகத்திலேயே விழும்.

மாளவியா நகரில் வந்த கூட்டம் வெளியிலிருந்து வந்தது. அதை நம்பி 2020 டிசம்பரில் ஒரு புதிய உணவகம் திறக்கப்பட்டது. வருமானம் செலவுக்கு எட்டவில்லை. சில மாதங்களில் மூடவேண்டி வந்தது. 2021 ஜூனில் தம்பதியர் பழைய சாலையோரக் கடையிலேயே சமைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கொரோனாவின் இரண்டாம் அலையும் தில்லியைப் புரட்டிப்போட்டது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரக்கத்தால் வந்தவர்கள் ஒருமுறை சாப்பிட்டு, படம் எடுத்து, மனநிறைவோடு வீடு திரும்பினார்கள். தினமும் மதியம் சாப்பிட வருவதற்கு அந்தத் தெருவிலேயே வேலை பார்க்கிற ஆட்கள் வேண்டும்.

பக்கம் நடத்துகிறவரைப் பிடிக்கும் மனச்சோர்வுக்கும் விஞ்ஞானத்தில் ஒரு மருந்து உண்டு. உங்கள் நண்பர்களுக்குச் சராசரியாக உங்களைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள் என்று ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் நிரூபித்தார். காரணம் எளியது. நிறையப் பேரோடு பழகுகிறவர் நிறையப் பேரின் நண்பர் பட்டியலில் இருக்கிறார். அதனால் எல்லோர் கண்ணிலும் அவரே படுகிறார். 2013-இல் ட்விட்டரை ஆராய்ந்தபோது, 98 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு இது உண்மையாக இருந்தது. சுற்றிலும் பெரிய பக்கங்களாகத் தெரிவதால் நாம் மட்டும் தோற்றுவிட்டோம் என்று தோன்றுகிறது. ஏறத்தாழ எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது; வலைப்பின்னலின் வடிவம் அப்படி.

முதலில் சொன்ன மூன்று எண்களுக்கு இப்போது வரலாம்: 82, 14, ஏறத்தாழ பூஜ்யம். ஒருவரிடமிருந்து தொடங்கும் நல்ல பதிவு பெரும்பாலும் சாகிறது, நூறு பேரிடமிருந்து தொடங்குவது சாவதில்லை. அந்த நூறு பேர் யார்? போன மாதமும் வந்தவர்கள், கேள்வி கேட்டவர்கள், தவறைச் சுட்டிக்காட்டியவர்கள், பதில் கிடைத்ததால் திரும்பி வந்தவர்கள். அவர்களை எந்த நட்சத்திரத்தின் ட்வீட்டும் தர முடியாது. எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. ஒரு பொருளைத் தேர்ந்து, அதை மற்றவரைவிட ஆழமாகத் தெரிந்துகொண்டு, சொன்ன நாளில் சொன்னதைக் கொடுத்து, வந்தவருக்கு மதிப்போடு பதில் எழுதி, ஒவ்வொருவராகத்தான் அவர்களைச் சேர்க்க முடியும். வேகம் குறைவான வேலை. ஆனால் இந்தக் கணக்கு முழுவதிலும் தற்செயலுக்கு விடாமல் நம் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே எண் அதுதான். பக்கம் தொடங்கியிருப்பவர்கள் ஃபாலோயர் எண்ணிக்கையை ஒரு மாதம் பார்க்காமல் இருந்து, மறுபடி மறுபடி வருகிற பெயர்களை ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கட்டும். அந்தப் பட்டியல் பத்திலிருந்து இருபதானால் பக்கம் வளர்கிறது என்று பொருள்.